நம்ம மூஞ்சிக்கு எந்த வெளிச்சம்?

"ஏண்டா பையா, பொணத்த எடுத்தாப்புல எடுத்து வச்சிருக்கிறயே!"

மண்டகப்பட்டு பக்கம் ஒரு சேரியில், எண்பதைத் தாண்டிய ஒரு ஆயா, நாங்கள் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வெத்திலைப் பையை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. குறும்பட விழாக்களில் எத்தனையோ விமர்சனம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சரியான ஒன்றைக் கேட்டதில்லை.

நாங்கள் எடுக்கப் போனது படியாள் காலத்துக் கதையை. ஆயாவின் வீட்டுக்காரர் படியாளாக இருந்தவர். கூலி நெல்லை எந்த மரக்காலில் அளந்தார்கள், அளக்கும்போது கை எப்படிச் சாய்ந்தது, பதர் எவ்வளவு கலந்தது என்பதையெல்லாம் நேற்று நடந்தது போலச் சொல்லக்கூடிய ஆட்கள் இப்போது சேரிக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். அதனால் கேமராவோடு போனோம். ஆயா ஒரு நிபந்தனை போட்டது. பகலில் பேசாது. "வேப்பமரத்தடியில ஒக்காந்து பேசினா, காத்து ஊருக்குப் போவும்டா. எம் பேரன் இன்னும் அந்தக் கழனியிலதான் ஏர் ஓட்டறான். ராவிக்கு வா. கதவச் சாத்திட்டுப் பேசறன்."

இந்த இடத்தைத் தோழர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'இருக்கிற வெளிச்சத்தில் எடு, சூரியனை விடப் பெரிய விளக்கு எது' என்று சினிமாப் புத்தகங்கள் சொல்கின்றன. சூரிய வெளிச்சத்தில் உட்கார்ந்து வாய் திறக்கிற உரிமை எல்லோருக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதிய புத்தகங்கள் அவை. நம்ம சனங்களுக்குப் பகல் என்பது வேலை நேரம். ஊர் பார்க்கிற நேரம். பேச்சு வருவதெல்லாம் ராத்திரி ஏழு மணிக்கு மேல், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள், கதவு சாத்தின பிறகு. ஆகவே விளக்கு என்பது நமக்கு அலங்காரச் சமாச்சாரம் இல்லை. விளக்கு இல்லையென்றால் சாட்சியம் இல்லை.

டவுனில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் 1000 வாட் ஹாலஜன் ஒன்றை வாடகைக்கு வாங்கிப் போனோம். போட்டதும் ஆயா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முந்தானையை மூஞ்சிக்கு நேராகத் தூக்கியது. அஞ்சு நிமிசத்தில் வேர்வை ஊற்றியது. வீட்டின் முன்பாதி கூரை. கூரைக்குக் கீழே அந்தக் கொதிக்கிற குழாயை நிறுத்திவிட்டு, ஒரு தோழர் தண்ணி வாளியோடு பக்கத்திலேயே நின்றார். 1000 வாட் என்றால் 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வீட்டுக்கு வந்திருந்தது, குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசாங்கம் கொடுத்த இணைப்பு. 40 வாட் குண்டு பல்பு எரிக்கக் கொடுத்தது. ஒயர் சூடேறி வாசனை வந்தது. அப்புறம் பீஸ் போனது. இருட்டில் ஆயா சொன்னது: "ஸ்டேசன்லதான் இந்த மாதிரி லைட்ட அடிச்சிக் கேப்பானுங்க."

எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்தால், நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கண் இருக்கிற இடத்தில் இரண்டு பள்ளம். பின்னால் சுவரில் ராட்சசன் மாதிரி ஒரு நிழல். பொணம் என்று ஆயா சொன்னது உவமை இல்லை. நிசம்.

*

எனக்கு இந்த விளக்கோடு பழைய பழக்கம் உண்டு. 1990களில் செஞ்சி பக்கம் கல்யாண வீடியோவுக்கு லைட் பாயாகப் போனவன் நான். கேமராக்காரருக்குப் பின்னால் நின்று, சன் கன் என்று சொல்வோமே அந்த ஹாலஜனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். ராத்திரி பூராவும் கை இறங்கக் கூடாது. மாப்பிள்ளை அழைப்பு, நலங்கு, முகூர்த்தம், பந்தி. பந்தியில் இலை போடும்போதும் நான் வெளிச்சம் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். எனக்கு இலை கடைசியில், அதுவும் வேறு இடத்தில்.

இதில் புதுசு ஒன்றும் இல்லை. சாமி ஊர்வலத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் தீவட்டி பிடித்தவர்கள் யார்? ஊர்ச் சாதிகளுக்கு ஊழியம் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட சாதிகள்தான். பெட்ரோமாக்ஸ் வந்தபோது அதைத் தலையில் சுமந்து போனவர்கள் யார்? இரண்டு வரிசையாக நடந்து போகிற அந்த ஆட்களின் முகம் எந்த ஊர்வலப் படத்திலாவது தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் அவர்கள் தலைக்கு மேலே இருக்கும். முகம் இருட்டில் இருக்கும். வெளிச்சத்தைச் சுமக்கிறவன் வேறு, வெளிச்சத்தில் தெரிகிறவன் வேறு. ஆயிரம் வருசத்துக் கதையை ஒரு பெட்ரோமாக்ஸ் சொல்லிவிடும்.

அதனால்தான் விளக்கைப் பற்றிப் பேசுவதை 'டெக்னிக்கல்' சமாச்சாரம் என்று ஒதுக்குகிற தோழர்களோடு எனக்குச் சண்டை.

உலகத்தில் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம். கோடாக் கம்பெனி, படம் கழுவுகிற லேப்களுக்கெல்லாம் ஒரு அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி. அந்த அளவுகோலில் கறுப்புக் குழந்தைகளின் முகம் பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் கண்ணும் பல்லுமாக மட்டும் தெரிந்தது. தாய்மார்கள் புகார் சொன்னதைவிட, சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை' என்று சொன்னதுதான் கோடாக்கின் காதில் ஏறியது என்று அங்கே வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொன்னார்கள்.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்க போலராய்டு கம்பெனியின் ஐ.டி.2 கேமரா பயன்பட்டது. அதில் ஃப்ளாஷின் வலுவைக் கூட்ட ஒரு பொத்தான் இருந்தது. 1970இல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்புத் தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் ஆரம்பித்தார்கள். 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. கறுப்புக் குழந்தையை அழகாகப் படம் எடுக்கத் தெரியாத தொழில்நுட்பம், கறுப்பு ஆளைப் பாஸ் புத்தகத்தில் அடையாளம் காட்ட மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டது. விளக்குக்கு அரசியல் உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

*

இனி ஆயாவின் மூஞ்சிக்கு வருவோம். தப்பு மூஞ்சியில் இல்லை, நாங்கள் வைத்த விளக்கில். இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மத்தியான வெயிலில் நில்லுங்கள். நிழல் கத்தியால் வெட்டின மாதிரி விழும். வானம் மூடிக்கொண்ட நாளில் அதே இடத்தில் நில்லுங்கள். நிழலே இருக்காது, முகம் மெத்தென்று தெரியும். இரண்டு நாளும் அதே சூரியன்தான். மேகமூட்டத்தில் வானம் பூராவும் ஒரே விளக்காக மாறிவிடுகிறது. வெளிச்சம் மெதுவாக விழுவதற்குக் காரணம் வாட் இல்லை, விளக்கின் அகலம். படம் எடுக்கப்படுகிற ஆளிடமிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிசாகத் தெரிகிறதோ அவ்வளவு மெத்தென்ற வெளிச்சம். பெரிசாக்கு, பக்கத்தில் கொண்டு வா. அவ்வளவுதான் சூத்திரம்.

கறுத்த தோலுக்கு இது ரெட்டிப்பாகப் பொருந்தும். வெளுத்த தோல், மேலே விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். கறுத்த தோல் நிறைய உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆனால் மேல்பரப்பின் பளபளப்பு இரண்டுக்கும் உண்டு. கறுப்பில் அந்தப் பளபளப்புதான் எடுப்பாகத் தெரியும். சின்ன, உக்கிரமான விளக்கை வைத்தால் அந்தப் பளபளப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாக எரியும், மிச்ச முகம் இருண்டு போகும். அகலமான வெள்ளைப் பரப்பை வைத்தால் அதே பளபளப்பு கன்னம், தாடை, மூக்கு என்று விரிந்து பரவி முகத்தின் வடிவத்தையே வரைந்து காட்டும். கறுப்புப் பித்தளைச் சொம்பை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், தெரியும். நம்ம தோலுக்கு வெளிச்சத்தை அடிக்கக் கூடாது. வெள்ளையைக் காட்ட வேண்டும். தோல் அதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

தமிழ் சினிமா இதை அறியாமல் இருந்ததா? அறிந்தவர்கள் இருந்தார்கள். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் அர்ச்சனாவின் முகத்தை எவ்வளவு இயல்பான வெளிச்சத்தில் பார்த்தோம்! ஆனால் பொதுவாகத் தொழில் செய்தது என்ன? மாவை அப்பி முகத்தை வெளுப்பாக்கி, அப்புறம் அந்த வெளுப்புக்கு விளக்கை வைத்தது. தோலுக்கு விளக்கைத் திருத்துவதற்குப் பதிலாக விளக்குக்குத் தோலைத் திருத்தினார்கள்.

*

இந்த மெத்தென்ற வெளிச்சத்தைக் காசில்லாதவன் கண்டுபிடித்தான் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) கேமரா பிடித்த சுப்ரத மித்ரா, வேலை ஆரம்பிக்கும்போது இருபத்தோரு வயசுப் பையன். அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியவரில்லை. அடுத்த படம் 'அபராஜிதோ' (1956). காசி நகரத்து வீடு, நடுவில் முற்றம், மேலே வானம். அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் நாலு பக்கமும் நிழல். முற்றத்து வெளிச்சம் அப்படி இருக்காதே! மித்ரா என்ன செய்தார் என்றால், வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து அந்தத் துணியைப் பார்த்துத் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பி இறங்கிய வெளிச்சம் அசல் முற்றத்து வெளிச்சமாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பெரிய அளவில் இதைச் செய்வதற்கு முன்பே ஒரு கல்கத்தாப் பையன் துணியை வைத்துச் செய்துவிட்டான்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தலுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டுவது நமக்குத் தெரியாத வித்தையா? கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் வண்ணார் வந்து மேற்கட்டி கட்டுவார், மாத்து விரிப்பார். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்த மணமக்கள் முகம் அழகாகத் தெரிந்ததற்கு அந்த வெள்ளையும் ஒரு காரணம்.

இங்கே நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நம்ம சேரிக்கு அந்த வெள்ளையைக் கொண்டுவந்தவர் புதிரை வண்ணார். நம்ம அழுக்கை வெளுத்தவர். நமக்கும் கீழே என்று நாம் வைத்தவர். ஊர் நம்மைத் தூரத்தில் நிறுத்தியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அவரை நம்ம வாசலில் எங்கே நிறுத்தினோம்? நம்ம முகத்துக்கு வெளிச்சம் கேட்கிற நாம், அவர் முகத்துக்கு என்ன வெளிச்சம் வைத்திருக்கிறோம்? இதற்குப் பதில் சொல்லாமல் வெள்ளைத் துணியை எடுத்து விளக்குக்குக் கட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கட்டுகிறேன். முதலில் போய் உட்கார்ந்து பேச வேண்டிய வீடுகளில் அவர் வீடும் ஒன்று என்ற முடிவோடு கட்டுகிறேன்.

*

எங்களுக்குக் கண் திறந்தது மண்டகப்பட்டுக் குகையில்தான். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். இரண்டு கோடியிலும் வாயிற்காவலர் சிலை. தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு மத்தியானம் வெயிலுக்கு அங்கே ஒதுங்கினோம். வெளியே பாறையில் வெயில் கொளுத்துகிறது. உள்ளே, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தோழரின் முகம், கரிக்கட்டை என்று நாங்களே கேலி பேசுகிற முகம், அப்படியே சிலை மாதிரி தெரிந்தது. என்னடா இது என்று பார்த்தால், வெளியே தரையில் பட்ட வெயில் திரும்பி உள்ளே ஏறி வருகிறது. உள்ளே விளக்கு எதுவும் இல்லை. தரைதான் விளக்கு.

அந்தக் கோயிலில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இதை உண்டாக்கினான் என்று பெருமை அடித்துக்கொள்கிறது. சரி. உளி உலோகம்தானே? உளி பிடித்தவன் கை யார் கை? அந்தப் பாட்டில் ராசா பேர் இருக்கிறது, மூன்று சாமி பேர் இருக்கிறது, எது எது இல்லை என்ற பட்டியல் இருக்கிறது. கல் உடைத்தவன் பேர் இல்லை. 'இல்லாமல்' என்ற அந்தப் பட்டியலில் சொல்லாமல் விட்டது அவனைத்தான்.

ஆனால் 'இது இல்லாமல், அது இல்லாமல்' என்ற சவாலை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஹாலஜன் இல்லாமல், ஜெனரேட்டர் இல்லாமல், டவுன் வாடகை இல்லாமல், ஸ்டூடியோ இல்லாமல். இதோ எங்கள் பட்டியல்.

டி.வி. வந்த அட்டைப்பெட்டி ஒன்று. வாய் இரண்டடிக்கு மூன்றடி இருந்தால் நல்லது. உள்பக்கம் பூராவும் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டினோம். ஒரு பலகையில் நாலு ஹோல்டர், ஒவ்வொன்றுக்கும் முக்கால் அடி இடைவெளி. 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு. மொத்தம் 36 வாட். ஹாலஜன் நாலு ஆம்பியருக்கு மேல் இழுத்தது, இது அரை ஆம்பியர் கூட இழுக்காது. பெட்டி வாயில் பழைய வெள்ளை வேட்டி ஒரு மடிப்பு. பல்புக்கும் வேட்டிக்கும் முக்கால் அடிக்கு மேல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் நாலு பல்பும் நாலு புள்ளியாகத் தெரியும். வேட்டி பூராவும் ஒரே சீராக ஒளிர்ந்தால் பெட்டி சரி. பின்பக்கம் ஓட்டை போட்டுக் காற்று போக விட்டோம், எல்.இ.டி.யின் அடிப்பாகம் சூடாகும். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: இந்தப் பெட்டிக்குள் ஹாலஜனையோ பெரிய குண்டு பல்பையோ போடாதீர்கள். அட்டை பற்றிக்கொள்ளும். ஒயர் வேலை தெரிந்த தோழரை வைத்து இணைப்புகளை டேப் சுற்றிப் பத்திரம் பண்ணிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

பல்பு வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 என்றால் மஞ்சள். எது வேண்டுமானாலும் வாங்கலாம், நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டு மஞ்சள் பல்பையும் எரியவிட்டால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம். நிறம் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், நூற்றுக்கு எவ்வளவு என்று. மலிவு பல்பில் அது குறைவு. சிவப்பு சரியாக இல்லாத வெளிச்சத்தில் நம்ம தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். 90 கிடைத்தால் 90 வாங்குங்கள், பத்து இருபது ரூபாய்க்குப் பார்க்காதீர்கள்.

நம்ம நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மலிவு எல்.இ.டி. அதோடு சேர்ந்து துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பட்டை பட்டையாக ஓடும். கேமராவில் ஷட்டரை 50 அல்லது 100 என்று வையுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் பல்பை மாற்றுங்கள்.

விளக்கை எங்கே வைப்பது? முகத்துக்கு மூன்றடியில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, நேர் எதிரில் இல்லாமல் பக்கவாட்டில். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை நிறுத்தினால் நிழல் பக்கமும் கொஞ்சம் திறக்கும். நிழல் வேண்டும் என்றால் தெர்மாகோலை எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். ஆளைச் சுவரை ஒட்டி உட்கார வைக்காதீர்கள், இடம் இருக்கிற அளவுக்கு முன்னால் இழுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் கறுத்த முகம் இருந்தால் கேமரா தன்பாட்டுக்குச் சுவரை அளந்து, 'ரொம்ப வெளிச்சம்' என்று முடிவு பண்ணி முகத்தை இருட்டடித்துவிடும். செல்போனில் எடுக்கிறவர்கள் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுங்கள். எதை நடுவாக வைத்து அளப்பது என்று கேமராவை விட்டு முடிவு பண்ண விடக் கூடாது. நாம் சொல்ல வேண்டும், முகம்தான் நடு என்று.

*

இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியபோது ஒரு தோழர் எழுந்தார். "மெல்லிய வெளிச்சம், மென்மை எல்லாம் மேட்டுக்குடி அழகியல். நம்ம சினிமா கரடுமுரடாக இருக்கணும். கியூபாவின் கார்சியா எஸ்பினோசா 1969இலேயே குறையுள்ள சினிமாவைப் பற்றிப் பேசிவிட்டார். பிரேசிலின் கிளாபர் ரோச்சா 1965இல் பசியின் அழகியல் என்றார். நீங்க விளம்பரப் படக்காரன் மாதிரி வேட்டி கட்டிகிட்டு இருக்கீங்க" என்றார்.

தோழர் சொல்வதில் பாதி உண்மை. ஆர்.ஆர். சீனிவாசனின் 'ஒரு நதியின் மரணம்' (1999 தாமிரபரணிப் படுகொலை பற்றியது), அமுதனின் 'பீ' (2003), திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) - இவையெல்லாம் சின்னக் கேமராவில், சின்னக் காசில் வந்தவை. யாரும் அவற்றின் வெளிச்சத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். தடியடி நடக்கிற இடத்தில் பெட்டி கட்டிக்கொண்டு நிற்க முடியாது. கிடைத்ததை எடு, ஓடு, காப்பாற்று. அது வேறு.

ஆனால் நேரம் இருக்கும்போது, ஒரு கிழவி தன் வீட்டைத் திறந்துவிட்டு, பாயைப் போட்டு, சொல்லப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கும்போது, அவளைப் பொணம் மாதிரி எடுத்துவிட்டு 'குறையுள்ள சினிமா' என்று பெயர் வைப்பது சோம்பேறித்தனம். குறை என்பது தேர்ந்தெடுக்க முடிந்தவனின் ஆயுதம். எஸ்பினோசாவுக்கு நல்ல படம் எடுக்கத் தெரியும், அதனால் அவர் அதை மறுத்தார். ஆயாவுக்கு அப்படி ஒரு தேர்வை யார் கொடுத்தது? நூறு வருசமாக போலீஸ் போட்டோவிலும் பத்திரிகை ஃப்ளாஷிலும்தான் நம்ம முகம் வந்திருக்கிறது. கூசின கண், வெறித்த பார்வை. இன்னொரு தடவை அதையே நாமும் செய்வது கலகம் இல்லை.

தோழரின் மிச்சப் பாதி எச்சரிக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன். வேட்டி வெளிச்சம் போதை தரும். வறுமையை ஓவியம் மாதிரி காட்டிவிடும். சுருக்கம் விழுந்த முகம், ஒற்றை விளக்கு, புகை - வெளிநாட்டு விழாவுக்கு அனுப்புகிற சரக்காக ஆயாவை மாற்றிவிட முடியும். அப்படி நடக்காமல் இருக்க ஒரே வழி, எடுத்ததை முதலில் எடுக்கப்பட்டவரிடம் போட்டுக் காட்டுவது. அவர் முகம் சுளித்தால் அழித்துவிட்டு மறுபடியும் எடுப்பது.

*

பெட்டியோடு இரண்டாம் தடவை போனோம். ஆயா முதலில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. "சுடலியே?" என்றது. கண் கூசவில்லை. பத்து நிமிசத்தில் பெட்டி இருப்பதையே மறந்துவிட்டது. இரண்டு மணி நேரம் பேசியது. மரக்காலைப் பற்றி, பிரசவத்துக்கு மறுநாள் நடவுக்குப் போனதைப் பற்றி, 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 பேரைக் கொன்ற சேதி சேரிக்கு வந்த ராத்திரி, அடுப்பு மூட்டாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்ததைப் பற்றி.

நடுவில் ஒரு இடம் வந்தது. ஒரு ஆளின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம். ஆயா நிறுத்தியது. பெட்டியைப் பார்த்தது. "இத அமத்துடா" என்றது. அமர்த்தினேன். கேமராவையும் அமர்த்தச் சொன்னது. இருட்டில் அந்தப் பெயரையும், அவன் செய்ததையும் சொன்னது. நாங்கள் நாலு பேர் கேட்டோம். அது எங்கள் படத்தில் இல்லை. இந்தக் கட்டுரையிலும் இல்லை. ஆயா சொல்லச் சொல்கிற வரைக்கும் இருக்காது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, விளக்கு செய்யக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. சுவிட்ச் யார் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இப்போதெல்லாம் சுவிட்ச் பலகையை நான் வைத்துக்கொள்வதில்லை. பேசுகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி பாய்மேல் வைத்துவிடுகிறேன்.

மறுநாள் போட்டுக் காட்டினோம். ஆயா ரொம்ப நேரம் பார்த்தது. "எங்கம்மா மாதிரி இருக்கறன்" என்றது. ஆயாவின் அம்மாவுக்குப் படம் எதுவும் கிடையாது.

தோழர்களே, மாணவர்களே! 1978இல் இருபது வயசாக இருந்தவருக்கு இன்று எழுபது நெருங்குகிறது. படியாளாக இருந்தவர்கள் அதற்கும் மூத்தவர்கள். ஒவ்வொரு ஊரிலும் சாவுமேளம் அடிக்கும்போதெல்லாம் ஒரு சாட்சியம் போகிறது. 'கேமரா இருக்கு, லைட்டுக்குத்தான் காசு இல்லை' என்ற பேச்சை இதோடு விடுவோம். ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும் இரவுப் பள்ளியிலும் ஒரு அட்டைப்பெட்டி, நாலு பல்பு, ஒரு வேட்டி. வருகிற சனிக்கிழமை ராத்திரி செய்து முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உங்கள் தெருவிலேயே மூத்த ஆள் வீட்டுக்குப் போங்கள். போகும்போது சுவிட்சுக்கு நீளமான ஒயர் போட மறக்காதீர்கள்.